பூவிலிருந்து விதை வரை: கோலார் தங்கவயல் வட்டாரம் தரும் பாடம்

கர்நாடக மாநிலத்தின் கிழக்கு எல்லையில், தமிழ்நாட்டுக்கும் ஆந்திரப் பிரதேசத்துக்கும் அண்மையில் அமைந்துள்ள கோலார் தங்கவயல், நூற்றிருபது ஆண்டுகள் நம் நாட்டுக்குப் பொன் அளித்த ஊராகும். 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியை ஏற்றது முதல், 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும் வரை, ஏறத்தாழ 800 டன் பொன் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் சென்றது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பே அச்சுரங்கங்களின் அடித்தளமாக விளங்கியது.

சுரங்கம் மூடப்பட்ட பின்னர் இவ்வட்டாரத்தின் பொருளாதாரம் பெரும்பாலும் இரண்டையே நம்பி நிற்கிறது. ஒன்று, நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரு சென்று ஈட்டும் கூலி. மற்றொன்று, சுற்றியுள்ள செம்மண் நிலங்களின் விளைச்சல். சீனிவாசபுரம் வட்டத்தின் மாந்தோப்புகளும், கோலார், முல்பாகல், பங்காருப்பேட்டை வட்டங்களின் தக்காளி வயல்களும், மல்பெரித் தோட்டங்களும் இன்று பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிக்கின்றன. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு எதுவும் இல்லாத இம்மாவட்டத்தில், ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டும், ஏரிகளைக் கொண்டும் இவ்விளைச்சல் பெறப்படுகிறது.

பூமிக்குள் இருந்த பொன்னின் அளவைப் பாறையின் அமைப்பு முடிவு செய்தது. மரத்தில் விளையும் கனியின் அளவையோ, பூ மலர்ந்திருக்கும் சில நாட்களில் நடைபெறும், கண்ணுக்குத் தெரியாத செயல்கள் முடிவு செய்கின்றன. அச்செயல்களை அறியாமல் விளைச்சலை மதிப்பிடுவதும், தோப்பைக் குத்தகைக்கு விடுவதும், மருந்து தெளிப்பதும், உதவித் தொகை வகுப்பதும் பயன் தருவதில்லை. ஆகவே, பூ எவ்வாறு காயாகிறது, காய்க்குள் விதை எவ்வாறு உருவாகிறது என்பது தாவர இயல் மாணவர் மட்டும் அறிய வேண்டிய செய்தியன்று. வளர்ச்சிப் பணியில் உள்ள அனைவரும் அறிய வேண்டியதாகும்.

பூவின் பணி

பூவின் நோக்கம் விதையை உண்டாக்குவதேயாகும். பூவின் நடுவே சூலகம் உள்ளது. அதன் அடிப்பகுதியாகிய சூற்பையினுள் சூல்கள் இருக்கின்றன. மேல் நுனியாகிய சூல்முடி மகரந்தத்தை ஏற்கும் இடமாகும். சூலகத்தைச் சுற்றியுள்ள கேசரங்களில் மகரந்தத் தூள் உண்டாகிறது. இத்தூள் சூல்முடியைச் சென்று அடைவதே மகரந்தச் சேர்க்கை. ஒரே பூவுக்குள் நடந்தால் தன் மகரந்தச் சேர்க்கை என்றும், வேறொரு மரத்தின் பூவிலிருந்து வந்தால் அயல் மகரந்தச் சேர்க்கை என்றும் கூறுவர்.

சூல்முடியில் விழுந்த மகரந்தம் ஈரத்தை உறிஞ்சி முளைக்கிறது. அதிலிருந்து நூலினும் மெல்லிய குழல் ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து சூலை அடைகிறது. அக்குழலின் வழியே இரண்டு ஆண் அணுக்கள் செல்கின்றன. ஒன்று முட்டை அணுவுடன் இணைந்து கருவாகிறது. மற்றொன்று சூலின் நடுவிலுள்ள உட்கருக்களுடன் இணைந்து, கருவுக்கு உணவளிக்கும் முளைசூழ்தசையாகிறது. இரட்டைக் கருவுறுதல் எனப்படும் இதனை 1898-ல் ரஷ்ய அறிவியலார் நவாஷின் கண்டறிந்தார். நாம் உண்ணும் அரிசியின் பெரும்பகுதி இந்த முளைசூழ்தசையே. இளநீரும் அதன் நீர் வடிவமே. மனித குலத்தின் உணவில் பெரும்பங்கு இந்த இரண்டாவது சேர்க்கையின் விளைவாகும் என்பது சிந்திக்கத் தக்கது.

கருவுற்றபின் சூல் விதையாகிறது, சூற்பை கனியாகிறது, இதழும் கேசரமும் உதிர்கின்றன. மாங்கனியில் ஒரு சூற்பை, ஒரு சூல், ஆதலால் ஒரே கொட்டை. சூற்பைச் சுவரின் வெளியடுக்கு தோலாகவும், நடுவடுக்கு சதையாகவும், உள்ளடுக்கு கொட்டையின் கடினமான ஓடாகவும் மாறுகின்றன. ஓட்டுக்குள் இருக்கும் பருப்பே உண்மையான விதை. தக்காளியில் ஒரே சூற்பைக்குள் பல அறைகளும் ஏராளமான சூல்களும் உள்ளன. ஆகவே ஒரு பழத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விதைகள் காணப்படுகின்றன.

இத்துறையில் இந்தியரின் பங்கு பெரிது. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பஞ்சானன் மகேசுவரி தாவரக் கருவியலில் உலகப் புகழ் பெற்ற ஆய்வு மரபு ஒன்றை உருவாக்கினார். கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக் குழாயில் கருவுறச் செய்து விதையாக்கும் முறை 1960-களின் தொடக்கத்தில் அவருடைய துறையிலேயே வெற்றி பெற்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய பி. ஜி. எல். சுவாமியும் கருவியல் அறிஞரே. அவருடைய தந்தையாரும் கன்னட அறிஞருமான டி. வி. குண்டப்பா, கோலார் மாவட்டத்து முல்பாகலில் பிறந்தவர். தாவரங்களைப் பற்றி சுவாமி கன்னடத்தில் எழுதி, 1978-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நூலின் பெயர் 'ஹசுரு ஹொன்னு'. பச்சைப் பொன் என்பது அதன் பொருள்.

மா எப்போது பூக்கிறது

கோலார் மேட்டுநிலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ளது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மண் காயத் தொடங்குகிறது. டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் வெப்பம் 15 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குகிறது. இவ்வறட்சியும் குளிரும் மாமரத்தின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கின்றன. முந்தைய மழைக்காலத்தில் தோன்றி நன்கு முதிர்ந்த கிளை நுனிகளில், இலை மொட்டு வருவதற்குப் பதிலாகப் பூ மொட்டு வருகிறது. அச்சமயத்தில் எதிர்பாராத மழை பெய்தால் அதே மொட்டு தளிராக மாறிவிடக் கூடும். டிசம்பரில் செந்தளிர் பூண்ட தோப்பு கண்ணுக்கு அழகாயினும், அவ்வாண்டின் வருமானத்துக்கு அது நற்குறியன்று.

இளந்தளிர் பூப்பதில்லை, முதிர்ந்த தளிரே பூக்கும். காய் மிகுதியாகப் பிடித்த ஆண்டில் மரத்தின் சத்து முழுவதும் காய்களுக்குச் செல்வதால் புதுத் தளிர் குறைகிறது. மேலும், வளரும் விதைகளில் சுரக்கும் ஜிப்ரெல்லின் என்னும் ஊக்கி, அடுத்த பருவத்துப் பூ மொட்டு உருவாவதைத் தடுக்கிறது. ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓயும் இயல்புக்கு இதுவே காரணம். அல்போன்சா, லங்ரா வகைகளில் இவ்வியல்பு மிகுதி. கிளிமூக்கு என்று தமிழர் அழைக்கும் தோத்தாபுரியும் நீலமும் ஆண்டுதோறும் காய்ப்பவை. சீனிவாசபுரத்திலும் அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி, சித்தூர் மாவட்டங்களிலும் தோத்தாபுரி பெருகியதற்கு, கூழ்த் தொழிற்சாலைகளின் தேவையுடன் இந்த நிலையான காய்ப்பும் காரணமாகும்.

ஜிப்ரெல்லின் உண்டாவதைத் தடுத்துப் பூக்கச் செய்யும் பாக்ளோபியூட்ரசால் என்னும் மருந்தை மரத்தடியில் ஊற்றும் பழக்கம் இன்று பரவியுள்ளது. உரிய அளவிலும், நீரும் உரமும் பெற்ற திடமான மரங்களிலும் இது பயன் தருகிறது. ஆயின் இம்மருந்து மண்ணில் நெடுநாள் தங்கும் தன்மையுடையது. ஓரிரு ஆண்டுகளுக்கு மட்டும் தோப்பை எடுத்த குத்தகையாளர் ஆண்டுதோறும் அளவின்றி ஊற்றினால் தளிர்கள் குறுகி மரம் நலிவடையும். அந்த நலிவின் இழப்பு குத்தகை முடிந்தபின் உடைமையாளரையே சேர்கிறது.

ஆயிரம் பூவுக்கு ஒரு காய்

ஒரு மாம்பூங்கொத்தில் சில நூறு முதல் சில ஆயிரம் வரை பூக்கள் உள்ளன. அவை அனைத்தும் காயாக வல்லவை அல்ல. ஒரே கொத்தில் ஆண் பூக்களும், ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒருங்கே அமைந்த இருபால் பூக்களும் கலந்து நிற்கின்றன. ஆண் பூவில் சூலகம் இல்லாததால் அது ஒருபோதும் காய்ப்பதில்லை. இருபால் பூக்களின் பங்கு வகைக்கு வகை வேறுபடுகிறது. ஒரு சதவீதத்துக்கும் குறைவாக உள்ள வகைகளும் உண்டு, எழுபது சதவீதத்தை நெருங்கும் வகைகளும் உண்டு. பூக்கும் காலத்தில் கடுங்குளிர் நிலவினால் இப்பங்கு குறைவதோடு, மகரந்தத்தின் முளைக்கும் திறனும் குன்றுகிறது.

இருபால் பூவிலும் பெரும்பாலும் ஒரு கேசரம் மட்டுமே மகரந்தம் தருகிறது, ஏனையவை வளர்ச்சியற்றவை. பூ விரிந்த முதல் சில மணி நேரத்திலேயே சூல்முடி மகரந்தத்தை நன்கு ஏற்கிறது. தசேரி, லங்ரா, சௌசா போன்ற வட இந்திய வகைகளில் தன் மகரந்தம் விழுந்தாலும் கரு தங்குவதில்லை. அருகில் வேறு வகை மரம் இருத்தல் வேண்டும். ஒரே வகையை மட்டும் நெடுந்தொலைவு நடும் தோப்புகளில் விளைச்சல் குன்றுவதற்கு இது ஒரு காரணமாகும். வேலியோரத்திலும் இடையிடையேயும் பிற வகைகளை நடுவது முன்னோரின் பழக்கமாக இருந்தது; அதற்கு அறிவியல் அடிப்படை உண்டு.

இத்தனை தடைகளையும் கடந்து, கருவுற்ற பூக்கள் கடுகளவுப் பிஞ்சாகின்றன. அவற்றிலும் பெரும்பகுதி கடலை அளவிலும், கோலிக்குண்டு அளவிலும் உதிர்கிறது. நீர்ப் பற்றாக்குறை, சத்துப் போட்டி, கருச்சிதைவு, தத்துப்பூச்சி, சாம்பல் நோய் ஆகியவை உதிர்வைப் பெருக்குகின்றன. நம் வீடுகளில் உப்பில் ஊறும் மாவடு இவ்வுதிர்வின் ஒரு பகுதியே. இறுதியில், ஆயிரம் பூக்களுக்கு ஒரு பழம் முற்றுவதே அரிது. இது நோயன்று, மரத்தின் இயல்பு. தாங்கக் கூடிய அளவுக்கு மேல் உள்ள சுமையை மரம் தானே இறக்கி வைக்கிறது.

மகரந்தம் சுமப்போர்

மாமகரந்தம் ஒட்டும் தன்மையுடையது. காற்று அதை அதிகமாகக் கொண்டு செல்வதில்லை. அதைச் சுமப்பவை பூச்சிகளே. தேனீக்களும் குளவிகளும் எறும்புகளும் வந்தாலும், மாம்பூவின் முதன்மையான விருந்தினர் ஈக்கள்தாம். வீட்டு ஈ, பச்சை ஈ, மலர் ஈ ஆகியவை ஒரு கொத்திலிருந்து மறு கொத்துக்கு மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றன. தைவானிலும் ஆஸ்திரேலியாவிலும் பூக்கும் காலத்தில் ஈக்களை வரவழைப்பதற்கென்றே தோப்புகளில் ஏற்பாடு செய்யும் உழவர்கள் உள்ளனர்.

பூ முழுவதும் மலர்ந்திருக்கும் வேளையில் பூச்சிமருந்து தெளித்தால் தத்துப்பூச்சியோடு இந்த ஈக்களும் தேனீக்களும் மடிகின்றன. கருவுறாத பிஞ்சுகள் கொத்தின் நுனியில் நெருக்கமாகத் தொங்கி, பின்னர் உதிர்கின்றன. வட இந்தியத் தோட்டக்காரர்கள் இதனை, ஜிமிக்கி போலத் தொங்குவதால், 'ஜும்கா' என்று அழைக்கின்றனர். மருந்துக்குச் செலவிட்ட பணமே விளைச்சலைக் குறைக்கும் விந்தை இது. தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை என்பது இதன் பொருளன்று. கொத்து நீளத் தொடங்கும்போது ஒரு முறையும், பிஞ்சு பிடித்தபின் தேவையானால் மறு முறையும் தெளித்து, இடையே மலர்ந்திருக்கும் நாட்களை விட்டுவிட வேண்டும் என்பதே பொருள்.

தேனீ வளர்ப்பைப் பெருக்க மத்திய அரசு 2020-ல் 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்தை அறிவித்தது. தேன் விற்பனையால் வரும் வருமானத்தைவிட, தேனீக்களால் பிற பயிர்களில் கூடும் மகசூல் பெரிது என்பதே இத்தகைய திட்டங்களின் பொருளாதார அடிப்படையாகும். ஒருவர் வைத்த தேனீப் பெட்டியின் பயன் அடுத்தவர் தோப்புக்கும் செல்கிறது. ஒருவர் தெளித்த மருந்தின் தீங்கும் அவ்வாறே செல்கிறது. ஆகவே இது தனி உழவரின் முடிவுக்கு மட்டும் விடத்தக்கதன்று. ஊர் முழுவதும் கூடிச் செய்ய வேண்டியதாகும்.

விதையே கனியை வளர்க்கிறது

கனி விதையைக் காக்கிறது என்பது யாவரும் அறிந்தது. விதையே கனியை வளர்க்கிறது என்பது அத்துணை அறியப்படாதது. 1950-ல் நிச் என்னும் அறிவியலார் ஸ்ட்ராபெரிப் பிஞ்சின் மேலுள்ள விதை போன்ற மணிகளை அகற்றினார். பிஞ்சின் வளர்ச்சி நின்றது. அகற்றிய இடத்தில் ஆக்சின் என்னும் ஊக்கியைப் பூசியதும் வளர்ச்சி தொடர்ந்தது. விதையிலிருந்து வரும் ஊக்கியே சதையைப் பெருக்குகிறது என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. தக்காளியில் விதைகள் நிறைந்த பழம் பருத்தும், ஒரு பக்கம் மட்டும் விதை பிடித்த பழம் கோணியும் இருப்பதன் காரணம் இதுவே. விதையில்லாமலே கனி தரும் வாழை போன்றவை இவ்விதிக்கு விலக்காகும். அவற்றில் சூற்பையே வேண்டிய ஊக்கியை உண்டாக்கிக் கொள்கிறது.

மாவின் விதை காய்ந்தால் சாகும் இயல்புடையது. எடுத்த சில வாரங்களில் முளைக்கும் திறனை இழக்கிறது. நெல்லைப் போல் உறங்கிக் கிடக்க அதனால் இயலாது. அல்போன்சாப் பழத்தில் வெளியே பழுத்தும் உள்ளே வெளுத்துப் பஞ்சு போலாகும் குறை, ஏற்றுமதியாளர்களுக்குப் பெருநட்டம் தருவதாகும். பழம் மரத்தில் இருக்கும்போதே விதை முளைக்க ஆயத்தமாகி, சதையிலிருந்து நீரையும் சத்தையும் இழுப்பதோடு இக்குறை தொடர்புடையது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், அல்போன்சாவைப் பங்கனபள்ளியுடன் கலந்து அர்கா புனீத் என்னும் வகையை உருவாக்கியது. அதில் இக்குறை இல்லை.

தக்காளியின் வெப்பக் கணக்கு

தக்காளிப் பூ மாம்பூவுக்கு நேர்மாறானது. அதன் கேசரங்கள் ஒன்றுசேர்ந்து கூம்பு போல் சூலகத்தை மூடியுள்ளன. பூ தலைகீழாகத் தொங்குகிறது. காற்றின் அசைவிலேயே மகரந்தம் தன் சூல்முடி மீது உதிர்ந்துவிடுகிறது. இறகுத் தசைகளை அதிர வைத்து மகரந்தத்தை உதறி எடுக்கும் தச்சன் வண்டு போன்றவை வந்தால் காய்ப்பு இன்னும் கூடும். பூச்சியை அதிகம் நம்பாத இப்பூ வெப்பத்துக்கு மட்டும் அஞ்சுகிறது. பகல் வெப்பம் 35 பாகைக்கு மேல் சென்றாலும், இரவு வெப்பம் 20 பாகைக்கு வெகுவாக மேல் நின்றாலும், மகரந்தம் மலடாகிப் பூக்கள் உதிர்கின்றன.

பூ பிஞ்சாகிப் பழுக்க ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். எனவே ஏப்ரல், மே மாதங்களில் உதிர்ந்த பூவின் விளைவு ஜூன், ஜூலை மாதச் சந்தையில் தெரிகிறது. 2023 ஜூலையில் கோலார் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் 15 கிலோ தக்காளிப் பெட்டி 2,000 ரூபாயைக் கடந்து விற்றது. அதற்கு முந்தைய மாதங்களின் வெப்பமும், இலைச்சுருள் நச்சுயிரி நோயும், குறைந்த விலையால் சிலர் பயிரைக் கைவிட்டதும் காரணங்களாகும். விலை உயர்வைச் சந்தையில் கண்டபின் நடவடிக்கை எடுப்பதைவிட, ஒன்றரை மாதத்துக்கு முன் வயலில் பூ உதிர்வதைக் கண்டு எடுப்பதே பயன் தரும்.

நடுவதற்கு விதையா, கிளையா

அயல் மகரந்தச் சேர்க்கையால் உண்டான மாங்கொட்டையை நட்டால் தாய் மரத்தின் பழம் கிடைப்பதில்லை. இரு பெற்றோரின் இயல்புகள் கலந்த புதிய மரமே கிடைக்கும். ஆகவேதான் தோத்தாபுரியையும் ரசபுரியையும் ஒட்டுக்கட்டிப் பெருக்குகிறோம். மேற்குக் கடற்கரையின் சில மா வகைகளில் ஒரே கொட்டையிலிருந்து பல நாற்றுகள் முளைக்கும். அவற்றில் பல, சூலின் திசுவிலிருந்தே தோன்றுவதால், தாயைப் போலவே இருக்கும். அவை சீரான வேர்ச்செடியாகப் பயன்படுகின்றன. விதை வழிக் கலப்பும் வேண்டியதே: நீலமும் தசேரியும் கலந்து தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970-களில் பிறந்த மல்லிகா, இன்று கோலார்ச் சந்தையிலும் விலை போகிறது.

தக்காளியில் உழவர் வாங்குவது பெரும்பாலும் வீரிய ஒட்டு விதை. பூ மலர்வதற்கு முந்திய நாளில் மொட்டைப் பிரித்துக் கேசரக் கூம்பை இடுக்கியால் நீக்கி, மறுநாள் காலையில் வேறு வகையின் மகரந்தத்தைத் தடவி, ஒவ்வொரு பூவாக இவ்விதை உண்டாக்கப்படுகிறது. கர்நாடகத்தின் ராணிபென்னூர்ப் பகுதியில் பெண் தொழிலாளர் இதில் பெருமளவில் ஈடுபட்டுள்ளனர். விதையின் விலை உயர்ந்திருப்பதற்கு இக்கைவேலையும் ஒரு காரணம். இவ்வாறு விளைந்த பழத்தின் விதையை எடுத்து மீண்டும் நட்டால் இயல்புகள் சிதறுகின்றன. ஆதலால் ஒவ்வொரு பருவத்திலும் விதை வாங்க வேண்டியுள்ளது. மல்பெரியோ இலைக்காக வளர்க்கப்படுவது. அதன் கிளைத் துண்டுகளை நட்டாலே போதும்.

விதைக்கு நிலம் எவ்வளவு இன்றியமையாதது என்பதைத் தங்கவயலின் கழிவு மணல் மேடுகள் உணர்த்துகின்றன. அவை பூமியின் ஆழத்திலிருந்து எடுத்து அரைத்த பாறைத் தூள். பொன்னைப் பிரிக்க சயனைடு கரைசல் பயன்படுத்தப்பட்ட எச்சம். சாதாரண நிலத்தில் ஒவ்வொரு பிடி மண்ணிலும் முந்தைய ஆண்டுகளின் விதைகள் உறங்குகின்றன. இத்தூளில் விதையுமில்லை, மட்கும் இல்லை. எருக்கின் பஞ்சு விதையைக் காற்றும், வேம்பு, சந்தனம் ஆகியவற்றின் விதைகளைப் பறவைகளும் கொண்டு வரலாம். ஆயினும் ஈரமும் சத்தும் இன்றி அவை வேரூன்றுவது கடினம். எனவே மேடுகளைப் பசுமையாக்க, விதை தூவுவதற்கு முன் மண் உருவாக்கப்பட வேண்டும்.

பழுத்தலும் சட்டமும்

விதை முற்றியதும் கனி அதைப் பரப்ப ஆயத்தமாகிறது. எத்திலீன் என்னும் வாயு கனியிலேயே உண்டாகி மாவுப் பொருளைச் சர்க்கரையாக்குகிறது, பசுமையை நீக்கி நிறமும் மணமும் தருகிறது. முற்றிய மாங்காய் பறித்தபின்னும் பழுக்கும். முற்றாத காய் நிறம் மாறினாலும் இனிப்பதில்லை. முன்கூட்டியே பறித்துக் கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்க வைப்பது, அதிலுள்ள ஆர்செனிக் முதலிய மாசுகளால் உடலுக்குத் தீங்கானது. 2011-ன் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் அதைத் தடை செய்துள்ளன. மாற்றாக, உரிய அறைகளில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த 2016-ல் இசைவு அளிக்கப்பட்டது.

திட்டமிடுவோர் கவனத்துக்கு

மேற்கூறியவற்றிலிருந்து நிர்வாகத்துக்குப் பயன்படும் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பூவைக் கண்டு விளைச்சலை மதிப்பிடலாகாது. ஆண் பூவும் இருபால் பூவும் தொலைவிலிருந்து ஒன்றாகவே தெரியும். பிஞ்சு உதிர்வு அடங்கிக் காய் எலுமிச்சை அளவை அடைந்தபின் செய்யும் மதிப்பீடே நம்பத்தக்கது. பூக்கும்போதே தோப்பை விலை பேசும் வழக்கில், ஆயிரத்தில் ஒன்று என்னும் நிச்சயமின்மையைக் கணக்கிட்டு வணிகர் விலையைக் குறைக்கிறார். உடனடிப் பணத் தேவையுள்ள சிறு உழவர் அதை ஏற்கிறார். பூக்கும் காலத்தில் கூட்டுறவுக் கடன் கிடைக்குமாயின், அவர் காய் பிடிக்கும் வரை காத்திருக்க இயலும்.

இரண்டாவது, வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் இழப்பீட்டுக்கான வரம்புகள் பயிரின் இயல்போடு பொருந்த வேண்டும். பூக்கும் வாரங்களில் பெய்யும் சிறு மழை மாவுக்குப் பெரும் இழப்பைத் தரலாம். ஜூன் மாதத்தில் அதே மழை அத்துணைத் தீங்கு செய்யாது. தக்காளிக்கு மழையைவிட இரவு வெப்பத்தின் அளவு முக்கியமானது. மூன்றாவது, 2018 முதல் பெங்களூருவின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் கோலார் ஏரிகளை நிரப்பி நிலத்தடி நீரைப் பெருக்கி வருகிறது. நீர் கிடைத்தவுடன் மாந்தோப்புக்கு டிசம்பரில் பாய்ச்சுவது நன்மையன்று. பூ மொட்டு தோன்றும் வரை வாட விட்டு, பிஞ்சு பிடித்தபின் பாய்ச்சுவதே பயன் தரும் என்பதை விரிவாக்கப் பணியாளர் எடுத்துரைக்க வேண்டும்.

நான்காவது, ஒரே வகையை நம்புதல் மகரந்தச் சேர்க்கைக்கும் சந்தைக்கும் ஒருங்கே ஊறு செய்கிறது. 2025-ல் தோத்தாபுரி விலை வீழ்ந்தபோது, அண்டையிலுள்ள சித்தூர் மாவட்டம் வெளி மாநிலத் தோத்தாபுரியின் வரவைத் தடுத்தது. சீனிவாசபுரம் உழவர் கிளர்ந்தெழுந்தனர். கர்நாடகத்தின் இரண்டரை லட்சம் டன் மாங்காய் வரை விலைக் குறைவை ஈடு செய்ய மத்திய அரசு இசைவளித்தது. இத்தகைய உதவி அவசர காலத்துக்கு உரியது. நீடித்த தீர்வு, பல வகை மரங்களை நடுவதிலும், கூழ்த் தொழிற்சாலைகளை மாவட்டத்திலேயே அமைப்பதிலும் உள்ளது. அத்தொழிற்சாலைகளில் குவியும் கொட்டையும் வீணன்று. அதன் பருப்பிலுள்ள கொழுப்பு கொக்கோ வெண்ணெய்க்கு ஓரளவு மாற்றாகச் சாக்லேட் தொழிலில் ஏற்கப்பட்டுள்ளது.

தங்கவயலில் வெட்டி எடுத்த பொன் மீண்டும் விளையவில்லை. அதே மாவட்டத்தின் மாமரமோ ஆண்டுதோறும் புதிய பூவைத் தருகிறது; ஆயினும் பூவைக் காயாக்கும் ஈயையும், ஏற்ற குளிரையும், தக்க வேளையில் கிடைக்கும் நீரையும் அது தானே உண்டாக்கிக் கொள்ள இயலாது. இவற்றுள் குளிரைத் தவிர ஏனைய இரண்டும் மனிதர் கையில் உள்ளன. வரும் ஜனவரியில் தோப்புகள் பூக்கும்போது மருந்துத் தெளிப்பான்கள் எத்தனை நாட்கள் ஓய்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே, ஜூன் மாதத்தில் சீனிவாசபுரம் சந்தைக்கு வரும் வண்டிகளின் எண்ணிக்கை பெருமளவு அமையும்.